பையன் ஸ்போர்ட்ஸ் கார் கேட்கிறானா? வாங்கும் முன் நீங்களும் கொஞ்சம் பாருங்கள்!

"கார் சமாசாரமெல்லாம் ஆம்பிளைகள் விஷயம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! கார் வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம், மளிகைச் செலவில் மிச்சம் பிடித்த பணம் என்று பாதிக்கு மேல் நம் கை வழியாகத்தான் போகிறது. அந்தக் காரின் பின் ஸீட்டில் கைக்குழந்தையோடு உட்காரப் போவதும் நாம்தான். ஆனால் காரைப் பார்க்கப் போகும்போது மட்டும் நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. நாமும் "எல்லாம் அவங்க பார்த்துப்பாங்க" என்று இருந்துவிடுகிறோம்.

இந்தக் காலத்துப் பையன்கள் சாதாரணக் கார் கேட்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமாம்! புதுசு வாங்க முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். "பழசு போதும்மா, ஆனா எடுத்தவுடனே சீறிக்கிட்டுப் போகணும்" என்கிறார்கள். என் பெரிய பையனும் இதையேதான் சொன்னான். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தோடு, என் வளையலில் இரண்டும் பாங்கில் போய் உட்கார்ந்தன. வளையல் போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாசம் அவனோடு அலைந்து வண்டிகளைப் பார்த்தேன். நல்ல மெக்கானிக் ஒருவர், "அக்கா, இதைப் பாருங்க, அதைத் தொட்டுப் பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். போளூருக்கு இறங்கினாலும், செங்கத்துக்கு இறங்கினாலும், காவலூர் வழியாக ஆலங்காயம் போனாலும் வளைவும் சரிவும்தான். பிரசவ வலி, பாம்புக்கடி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். 2022 ஏப்ரலில் இதே மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில், சேம்பரை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். மலையில் இருப்பவர்களுக்கு வண்டி என்பது பொழுதுபோக்கு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதனால் என் கட்சி இதுதான்: வேகமாக ஓடுகிறதா என்று பையன் பார்க்கட்டும். ஒழுங்காக நிற்கிறதா என்று நாம் பார்ப்போம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எது?

இரண்டே ஸீட், தாழ்ந்த உடம்பு, திறக்கிற கூரை. இதுதான் அசல் ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-லிருந்து எம்.எக்ஸ்.-5 என்ற இரண்டு ஸீட் காரைச் செய்துவருகிறது. 2016-ல் அது பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டியது. கனடாவிலோ லண்டனிலோ அதைப் பழசாகச் சுலபமாக வாங்கலாம். நம் நாட்டில் அது விற்பனைக்கு வரவில்லை. "அங்கிருந்து அனுப்பி வை" என்று கேட்கவும் வழியில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பழசான காரை இங்கே இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது. அதற்கு உட்பட்டதென்றாலும் வரி தாங்காது.

நம் நாட்டிலும் ஒன்று வந்தது. 1998-ல் கோவாவில் 'ஸான் ஸ்டார்ம்' என்று இரண்டு பேர் உட்காரும் சின்னக் காரைச் செய்தார்கள். ஃபைபர் உடம்பு, பிரெஞ்சுக்கார ரெனோ கம்பெனியின் எஞ்சின். விற்றது கொஞ்சம்தான், தயாரிப்பும் எப்போதோ நின்றுவிட்டது. எங்காவது ஒன்று விலைக்கு வந்தால் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒரு கண்ணாடி உடைந்தால் எங்கே போய்த் தேடுவது?

வேகத்துக்குப் பெரிய எஞ்சின்தான் வேண்டும் என்றும் இல்லை. ஒரு காலத்தில் சோழவரத்தில், யுத்த கால விமான ஓடுதளத்தில், ஃபியட்டையும் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் முடுக்கிவிட்டுப் பந்தயம் ஓட்டினார்கள். கோயமுத்தூர் கரிவரதன் நம் மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார் செய்து இளைஞர்களைப் பழக்கினார். ஆகவே சிக்கனக் குடும்பத்துக்கு ஏற்றது, நாலு பேர் உட்காரும் சின்னக் காரில் கொஞ்சம் துடிப்பான எஞ்சின் உள்ள வண்டிதான். 2005-ல் வந்த ஸ்விஃப்ட், 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-ல் வந்த ஃபியட் புன்டோ அபார்த், 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ். என்று பையன்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் இந்த ஜாதிதான்.

இதில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதை யார் ரிப்பேர் செய்வார்கள்? ஸ்பேர் எங்கே கிடைக்கும்?" ஃபியட் கார்கள் இங்கே விற்பனையில் இல்லை. ஃபோர்டு கம்பெனி 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. போலோ 2022-ல் நின்றது. நின்று போன கார் எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. ஓட்டுவதற்கு அவை மிக நன்றாக இருப்பதாகவே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வாங்கும் முன் போளூரிலோ, திருப்பத்தூரிலோ, வேலூரிலோ ஒரு ஒர்க்ஷாப்பில் போய், "இந்த வண்டிக்கு பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், முன் விளக்கு இந்த மூன்றும் என்ன விலை? எத்தனை நாளில் வரும்?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டே நாளில் வரும் என்றால் சரி. "பாம்பேலேர்ந்து வரணும்மா" என்று இழுத்தால் யோசியுங்கள்.

ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 'ஸ்போர்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்ட நூறு ரூபாய்கூட ஆகாது!

பணக் கணக்கு

கையில் 3 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சத்துக்கும் கார் பார்க்கக் கூடாது. 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் பாருங்கள். மிச்சம் 60 ஆயிரம் கார் வந்த முதல் மாசத்துக்கு. நாலு டயர், பிரேக் வேலை, ஆயில், பாட்டரி, இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். பட்டுப் புடவை வாங்கினால் பிளவுஸ் தைக்கிற கூலிக்கும் எடுத்து வைக்கிறோம் இல்லையா? அதே கணக்குதான்.

அதே விலைக்கு இரண்டு வண்டி கிடைத்தால், பெரிய பெயர் உள்ள அலுத்துப்போன வண்டியை விட, சின்னப் பெயர் உள்ள நன்றாக வைத்திருந்த வண்டியே மேல். டர்போ உள்ள வண்டி, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டி இவையெல்லாம் ஓட்ட ஜோராக இருக்கும். கெட்டுப் போனால் சரிசெய்யும் செலவில் இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம். சர்வீஸ் பில்கள் ஒன்று விடாமல் இருந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போங்கள்.

முதலில் பிரேக்

இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம், நீங்களே செய்யலாம். கார் நின்ற இடத்திலேயே, எஞ்சின் ஆஃப் ஆகியிருக்கும்போது, டிரைவர் ஸீட்டில் உட்காருங்கள். பிரேக்கை நாலைந்து முறை மிதித்து விடுங்கள். பெடல் கல்லு மாதிரி கெட்டியாகும். அப்படியே மிதித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பிரேக்குக்கு பலம் கொடுக்கிற சாதனம் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு நிமிஷம் காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். பெடல் அசையாமல் நிற்க வேண்டும். மெள்ள மெள்ள உள்ளே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். பானெட்டைத் திறந்தால் சின்ன டப்பாவில் இருக்கும். புது ஆயில் வெளிர் மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். காப்பி டிக்காஷன் மாதிரி கறுத்திருந்தால் பல வருஷமாக மாற்றவில்லை. இதில் என்ன ஆபத்து? பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் சேரச் சேர அது சீக்கிரமே கொதித்துவிடும். மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தருகே உஷ்ணம் ஏறி, ஆயில் கொதித்துக் குமிழி விடும். பால் பொங்கும்போது மேலே வரும் நுரையைக் கரண்டியால் அழுத்தினால் எதிர்ப்பு இருக்குமா? அப்படியே குமிழியை அழுத்துகிற கால் சும்மா உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. கார் நல்ல நிலையில் இருக்கிறதென்று சொன்னாலும், வாங்கியவுடன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ஆகும் செலவு ஒரு நல்ல காட்டன் புடவை விலைகூட இருக்காது.

முடிந்தால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள். அதிலிருந்து புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். ஈர ரோட்டில் சட்டென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அது உதவும். மழைக்காலத்தில் எங்கள் மலை ரோட்டில் இலையும் சேறும் கிடக்கும்போது அதன் அருமை தெரியும்.

டயருக்கும் வயது உண்டு

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பூ நிறைய இருக்கிறது, டயர் புதுசு மாதிரி இருக்கிறது என்று சொல்வார்கள். ஓடாமல் வெயிலில் நின்ற டயரும் உள்ளுக்குள் காய்ந்து வெடித்துவிடும். ஆறு வருஷம் தாண்டியதென்றால் மாற்றும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால் டயருக்கு ஆயுள் முடிந்தது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் சரியில்லை, அல்லது வண்டி எங்கோ பலமாக அடிவாங்கியிருக்கிறது. ஸ்டெப்னியையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டு வழியில் ராத்திரி பஞ்சர் ஆனால் அதுதான் துணை.

மூக்கை நம்புங்கள்

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து, பளபளவென்று பாலிஷ் போட்டு, தூரத்து ஊர்களில் விற்பவர்கள் உண்டு. விலை மட்டும் ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி ஒன்றை வாங்கி, ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை லாரியில் ஏற்றி இறக்கினார்கள். வயரிங் ஒவ்வொன்றாகப் பூத்துப் போய்விட்டது.

இதைக் கண்டுபிடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை! கதவை எல்லாம் சாத்திவிட்டு ஐந்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். மழைக்காலத்தில் காயாத துணி மூட்டையின் வாடை வருகிறதா? அல்லது அந்த வாடையை மறைக்க ஸென்ட் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறதா? ஸீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் தண்ணீர்க் கறை, மண் கறை தெரியும். ஸீட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புத் தண்டில் துரு இருக்கிறதா? தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் வண்டல் மண் இருக்கிறதா? முன் விளக்குக்குள் நீராவி படிந்திருக்கிறதா? இதில் இரண்டு இருந்தாலும் வேண்டாம்.

அடிபட்ட வண்டி

வேகத்துக்குப் பேர் போன வண்டிகளில் இது ஜாஸ்தி. பளிச்சென்ற பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். எல்லா ஜன்னல் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரை இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால், "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் பெயிண்ட் தீற்றல் இருந்தால் பின்னால் அடித்த பெயிண்ட். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையைக் கையோடு எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டும். அடியில் கனமாகப் பட்டி பார்த்து மூடிய இடத்தில் ஒட்டாமல் நழுவும். (பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்போதும் ஒட்டாது.) டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடித்தகடு நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டரைக் குறைத்து வைப்பதும் நடக்கிறது. மீட்டர் 30 ஆயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும். ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் மினுமினுத்து, டிரைவர் ஸீட் பள்ளமாகியிருக்கும். அம்மிக் குழியைப் பார்த்தால் எத்தனை வருஷம் அரைத்தது என்று சொல்ல மாட்டோமா?

எஞ்சினைக் காலையில் பாருங்கள்

"பதினோரு மணிக்கு வாங்க" என்பார்கள். நீங்கள் காலை ஆறரைக்கே போங்கள். முன்கூட்டியே சூடு செய்து வைத்த எஞ்சின் தன் நோயைக் காட்டாது. பானெட்டைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்காலக் காலையில் சைலன்சரிலிருந்து கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வருவது சகஜம், அது தண்ணீர்தான். சூடான பிறகும் கெட்டியாக வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. மோர் கலந்த மாதிரி வெளுத்துக் குழகுழவென்று இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அதைச் சரிசெய்யப் பெரிய செலவாகும்.

இன்னொன்று: சில எஞ்சின்களில் உள்ளே டைமிங் பெல்ட் என்று ரப்பர் பட்டை இருக்கும். அது அறுந்தால் சில வண்டிகளில் வால்வுகள் வளைந்து எஞ்சினே போய்விடும். எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பில் காட்டாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு செலவில் சேர்த்துவிடுங்கள். பத்து, பதினைந்து வருஷத்து வண்டியென்றால் பெட்ரோல் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பர் அதற்கென்று செய்ததில்லை.

அலங்காரம் செய்த வண்டி வேண்டாம்

பையன்களுக்கு இதில்தான் மயக்கம். சைலன்சரை மாற்றி உறுமல் ஏற்றியது, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தியது, அகல டயர் போட்டது. நம் மலை ரோட்டில் தாழ்ந்த கார் ஒரு வேகத்தடைகூடத் தாண்டாமல் அடி தட்டும். ஆயில் தொட்டியில் கல் பட்டு ஓட்டை விழுந்தால் எஞ்சினே போயிற்று. சட்டமும் இடம் கொடுக்காது. கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்தென்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு தாத்தா ஆபீஸுக்கும் கோயிலுக்கும் ஓட்டி வைத்திருந்த, ஒரு ஆணிகூட மாற்றாத வண்டி கிடைத்தால் விடாதீர்கள்!

தாய்மார்கள் கவனத்துக்கு

இரண்டு கதவுக் காரில் பின்னால் குழந்தையை ஏற்றி இறக்குவது பெரும்பாடு. நாலு கதவே நல்லது. குழந்தை இருக்கையைப் பொருத்தும் கொக்கிகள் பின் ஸீட்டில் இருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும், மடியில் வைத்த குழந்தையைத் திடீர் பிரேக்கில் எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. முன் ஸீட்டில் ஏர்பேக் இருந்தால், பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தைக்கு ஆபத்து.

கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இல்லாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் பதிய வேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவே வர வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்களும் வயசான மாமியாரும் தாழ்ந்த ஸீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்க்கட்டும். ஸ்பிரிங் விறைப்பான காரில் வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும்.

காகிதங்களே காரின் ஜாதகம்

ஆர்.சி. புத்தகத்திலிருக்கும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு பொருந்துகின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். பாங்குக் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35-ம் நம்பர் படிவமும் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். அபராத நோட்டீஸ் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 நம்பர் படிவங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். விற்றவருக்குச் சேர்ந்த 'நோ க்ளெய்ம் போனஸ்' நமக்கு வராது, அதையும் கணக்கில் கொள்ளுங்கள். வெளிமாநில வண்டி சல்லிசாக வரும். தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்தால் சல்லிசு எங்கோ போய்விடும். 15 வருஷம் முடிந்த வண்டிக்கு மறுபதிவு வேண்டும். அது ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு மத்திய அரசின் கட்டணமே 5000 ரூபாய்.

நாமே பழைய வண்டியை விற்கும்போதும் இது முக்கியம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். இன்னொரு யோசனை: நகை நம்முடையதானால், ஆர்.சி.யும் நம் பெயரில் இருப்பதில் தப்பில்லை!

குடும்பத்தோடு ஒரு மலையேற்றம்

டவுனில் இரண்டு தெரு சுற்றினால் ஒன்றும் தெரியாது. நாலு பேர் உட்கார்ந்து, ஒரு மேட்டு ரோட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். திருப்பத்தூர்ப் பக்கத்தவர்களுக்கு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளே போதும். ஏறும்போது உஷ்ண முள் நடுவைத் தாண்டக் கூடாது. எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நடு மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் காலை எடுக்கச் சொல்லுங்கள், வண்டி ஒரு அங்குலம்கூட நழுவக் கூடாது. சமதளத்தில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இறங்கி வந்ததும் நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது.

கடைசியில் விற்பவரின் மெக்கானிக்கை விட்டு, நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துக் காட்டுங்கள். அந்த ஆயிரம், இரண்டாயிரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் வீட்டில் ஏழு வண்டி பார்த்து ஆறைத் தள்ளினோம். ஏழாவதாக வந்தது ஒரே கை ஓட்டிய, பில் எல்லாம் கோத்து வைத்த ஒரு ஸ்விஃப்ட். "ஸ்போர்ட்ஸ் கார் இல்லையேம்மா" என்று பையனுக்கு முதலில் கொஞ்சம் முகம் சுண்டியது. மலையில் வளைவுகளில் ஓட்டிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இறக்கத்தில் ஒரு சொல்

எவ்வளவு நல்ல கார் வாங்கினாலும் ஓட்டும் முறை முக்கியம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு மலையிறங்குகிறார்கள். எஞ்சின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கெட்டியாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கும் ஓய்வு கிடைக்கும். இதை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும், வீட்டுக்காரருக்கும், வாடகைக் காரில் போனால் டிரைவருக்கும் தயங்காமல் சொல்லுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது கைப்பையில் எடுத்துப் போக வேண்டியவை: ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்று, சின்ன டார்ச் ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று, நம்பர்களைக் குறிக்கப் பேனாவும் நோட்டும். அட்வான்ஸ் பணத்தை மட்டும் முதல் நாள் எடுத்துப் போகாதீர்கள். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க" என்று அவசரப்படுத்துவார்கள். வரட்டுமே! வீட்டுக்கு வந்து, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, மறுநாள் முடிவு செய்யுங்கள்.